ஏழாம் குழாய்

ஆராய்ச்சி நிலையத்தில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆளில்லை. பெரியவர்களுக்கு அவள் 'மகரந்தம்', சிறியவர்களுக்கு 'மகரந்த அக்கா'. ஏரியின் அடியில் படிந்து கிடக்கும் சேற்றிலிருந்து பழங்கால மகரந்தத் துகள்களைப் பிரித்தெடுத்து நுண்ணோக்கியில் எண்ணுவது அவள் வேலை. ஒரு ஸ்லைடுக்கு முந்நூறு துகள். இது மரம், இது புல், இது நாணல் என்று இனம் பிரித்து, இடது கையால் எண்ணும் கருவியைத் தட்டிக்கொண்டே போக வேண்டும். மர மகரந்தம் நிறைய இருந்தால் அந்தக் காலத்தில் நல்ல மழை, காடு. புல் கூடினால் வறட்சி. இருபத்தாறு வருடமாக எண்ணுகிறாள். பக்கத்தில் யாராவது பேசினால் எண்ணிக்கை தப்பிவிடும் என்பதால் நடைக்கோடியில் அவளுக்கென்று ஒரு சின்ன அறை ஒதுக்கியிருந்தார்கள். ஆரம்பத்தில் அது சலுகையாகத்தான் இருந்தது.

வயது ஐம்பத்து நான்கு. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பெரிய காரணம் ஒன்றும் கிடையாது. தள்ளிப்போட்டதில் தள்ளியே போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் தங்கை போன் செய்வாள். "சாப்டியா, மாத்திரை போட்டியா, உன் சேறு எப்படி இருக்கு?" மூன்று கேள்வியும் ஒரே மூச்சில் வரும். மூன்றுக்கும் சேர்த்து ஒரு "ம்" போதும்.

அவளோடு பத்தொன்பது வருடம் வேலை பார்த்தவர் கேப்டன். ஏரியில் மிதவையை ஓட்டுவது அவர் என்பதால் அந்தப் பெயர். கேப்டனுக்கு நீச்சல் தெரியாது. உயிர்காப்புச் சட்டையைக் காலைச் சாப்பாட்டுக்கு உட்காரும்போதே மாட்டிக்கொண்டு வந்துவிடுவார். ஏரியின் நடுவில் மிதவையை நிறுத்தி, ஒரு மீட்டர் நீளக் குழாயைச் சேற்றுக்குள் இறக்கி, நிரம்பியதும் மேலே இழுத்து, இரண்டு பக்கமும் மூடி போட்டு, எந்தப் பக்கம் மேல் என்று அம்புக்குறி வரைவார்கள். அடுத்த குழாய் அதற்கும் கீழே இருக்கும் சேறு. பன்னிரண்டு வருடத்துக்கு முன் ஒரு மலை ஏரியில் இப்படிப் பதினொரு குழாய் எடுத்தார்கள். பதினொரு மீட்டர் சேறு என்றால் சுமார் ஆறாயிரம் வருடம்.

அவர்களுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது ஏழாம் குழாய். எட்டாம் குழாய் முழுக்கக் காடு. ஏழாம் குழாயின் அடியில் திடீரென்று காடு இல்லை. புல்லும் கரித்துகளுமாக இருந்தது. மேலே போகப் போகக் காடு திரும்பி வந்தது. ஆறாம் குழாய் தொடங்கும் இடத்தில் மறுபடியும் காணாமல் போனது. மனிதர்கள் காட்டைக் கொளுத்தினார்கள், அதனால் மழை பொய்த்தது என்று இருவரும் சேர்ந்து எழுதினார்கள். கட்டுரை பல இடங்களுக்குப் போனது. பள்ளிப் பாடத்தில் ஒரு பத்தியாகச் சேர்ந்தது. அந்த ஏரிக்கரையில், 'உங்கள் முன்னோர் செய்த தவறை நீங்கள் செய்யாதீர்கள்' என்ற தோரணையில் ஒரு பலகைகூட வைத்தார்கள்.

கேப்டன் ஒரு வியாழக்கிழமை மத்தியானம், சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தபோது மாரடைப்பில் இறந்துபோனார். அதற்குப் பிறகு அவருடைய மேசையில் ஒரு பிரிண்டரைக் கொண்டுவந்து வைத்தார்கள்.

அவர் போய்ப் பதினான்கு மாதம் கழித்து நிலையத்துக்குப் புது இயந்திரம் ஒன்று வந்தது. சேற்றை அறுக்காமலே உள்ளே இருக்கும் மணலையும் களிமண்ணையும் துல்லியமாகப் படமெடுக்கும். பழைய குழாய்களை ஒவ்வொன்றாகக் குளிர் அறையிலிருந்து எடுத்துப் படம் பிடிக்கச் சொன்னார்கள். ஏழாம் குழாயின் படம் ஒரு புதன்கிழமை காலை அவளுடைய திரைக்கு வந்தது.

படத்தில் நான்கு வெள்ளப் படிவுகள் தெரிந்தன. பெருமழையில் ஓடை அடித்துக்கொண்டு வரும் மண்ணில் கனமான மணல் முதலில் அடியில் தங்கும். மெல்லிய களி மெதுவாக அதன்மேல் இறங்கும். எந்த ஏரியிலும் அப்படித்தான். ஆனால் இந்த நான்கிலும் களி கீழே, மணல் மேலே.

அவள் படத்தைத் தலைகீழாகத் திருப்பினாள். நான்கும் சரியாகிவிட்டன. ஆறாம் குழாயின் படத்தை அதற்கு மேலேயும் எட்டாம் குழாயின் படத்தைக் கீழேயும் வைத்துப் பார்த்தாள். நிறம் நிறத்தோடு வந்து ஒட்டிக்கொண்டது. இரண்டு 'திடீர்' மாற்றங்களும் காணாமல் போயின. இரண்டும் மிகச் சரியாகக் குழாயின் இரண்டு முனைகளில்தானே நடந்திருந்தன என்பது அப்போதுதான் உறைத்தது. பன்னிரண்டு வருடமாக ஒரு மனிதருக்கும் அது தோன்றவில்லை. வயதைக் கணிக்க அனுப்பிய மாதிரியும் குழாயின் நட்டநடுவில் எடுத்தது. எப்படித் திருப்பினாலும் நடு நடுவேதான்.

உண்மையில் நடந்தது இது: ஐந்நூறு வருடமாக மழை கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, காடு காய்ந்து, கடைசியில்தான் தீப்பிடித்தது. கொளுத்தியவர்கள் என்று யாரும் இருந்திருக்க வேண்டியதே இல்லை.

எழுந்து கதவு வரைக்கும் போனாள். நடையில் யாரோ யாரையோ சாப்பிடக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். இதைச் சொன்னால் முழு வாக்கியம் முடிவதற்குள் புரிந்துகொள்ளக்கூடிய ஒரே ஆள் கேப்டன்தான். அவர் முகம் எப்படி மாறியிருக்கும் என்றுகூட அவளுக்குத் தெரியும். முதலில் காது சிவக்கும். திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்து, அன்றைய ஸ்லைடை எண்ணத் தொடங்கினாள். மூன்று தடவை எண்ணிக்கை தப்பியது.

இரண்டு நாள் யாரிடமும் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை இயக்குநரின் அறைக்குப் போனாள்.

"ஏழாம் குழாய் தலைகீழா இருக்கு சார்."

இயக்குநர் படங்களை வெகுநேரம் பார்த்தார். அவளைவிட ஆறு வயது சின்னவர். அந்தக் கட்டுரையைப் படித்துத்தான் இந்த நிலையத்துக்கே வந்ததாக ஒரு தடவை சொல்லியிருக்கிறார்.

"எங்க தப்பு நடந்திருக்கும், மேடம்?"

"மிதவையிலதான். மூடி போட்டு அம்பு போடறப்போ."

"அது யார் வேலை?"

"எப்பவும் கேப்டன்தான் போடுவாரு." சொல்லும்போது தன் குரல் தழைவது அவளுக்கே கேட்டது. "அன்னைக்குக் காத்தும் மழையுமா இருந்துது சார். கை விறைச்சுப்போற குளிர். யாரா இருந்தாலும் நடக்கக்கூடியதுதான்."

"பாவம் மனுஷன்," என்றார் இயக்குநர். "சரி, திருத்தம் போட்டுத்தான் ஆகணும். ஆதாரத்துக்கு அந்தப் பயணத்தோட குறிப்பேடு கிடைச்சா நல்லாருக்கும்."

குறிப்பேடு நிலையத்தில் இல்லை. மேசையைக் காலி செய்தபோது கேப்டனின் பையோடு சேர்த்து அவர் வீட்டுக்கே கொடுத்துவிட்டார்கள்.

அடுத்த பத்து நாளும் அவள் கேப்டனை மன்னித்துக்கொண்டே இருந்தாள். பேருந்தில், குளிக்கும்போது, ஜன்னலைப் பார்த்துத் தனியாகச் சாப்பிடும்போது. பரவாயில்லை கேப்டன், விடுங்க. நான் பாத்துக்கறேன். சொல்லச் சொல்ல மனசுக்கு இதமாக இருந்தது. அவர் போனதிலிருந்து அவருக்காகச் செய்ய ஒன்றுமே இல்லாமல் இருந்தது. இப்போது ஒன்று கிடைத்திருந்தது.

கேப்டனின் மனைவியை அவள் இரண்டே தடவைதான் பார்த்திருக்கிறாள். மகள் கல்யாணத்தில் ஒரு முறை, சாவு வீட்டில் ஒரு முறை. மூன்றாவது மாடி. மணியடித்தபோது கதவுக்கு வெளியே செருப்பு அலமாரியில் கேப்டனின் சேற்று பூட்ஸ் அப்படியே இருந்தது.

"வாம்மா, உள்ள வா. அதை எடுத்து யாருக்காவது குடுக்கலாம்னா, அவர் பாதம் சைஸ் யாருக்கும் இல்ல," என்றார் அந்த அம்மாள். அறுபதைத் தாண்டிய, எதையும் நேராகப் பார்த்துப் பேசும் மனுஷி. "கேப்டனாம் கேப்டன். வீட்டுல பெரிய வாளித் தண்ணியப் பாத்தாலே ஒதுங்கி நிப்பாரு."

தேநீர் வந்தது. வீட்டிலிருந்தே மனப்பாடம் செய்துகொண்டு வந்ததை அவள் சொன்னாள்.

"அக்கா, ஒரு பழைய வேலையில சின்னத் தப்பு நடந்திருக்கு. ஒரு குழாயில மேல் கீழ் மாறிப்போச்சு. அவரைக் குத்தம் சொல்ல வரலைக்கா. அவர் பேருக்கு எதுவும் வராம நான் பாத்துக்கறேன். அந்தக் குறிப்பேடு மட்டும் வேணும்."

அந்த அம்மாள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. உள்ளே போய் ஒரு துணிப்பையை எடுத்துவந்து மடியில் வைத்துக்கொண்டு, குறிப்பேடுகளை ஒவ்வொன்றாக நீட்டினார். நான்காவதாக வந்தது அந்தப் பயணத்தினுடையது. தண்ணீர் பட்டு ஓரமெல்லாம் சுருண்டிருந்தது. கேப்டனின் எழுத்து ஈ மையில் விழுந்து நடந்த மாதிரி இருக்கும். பழகியவர்கள்தான் படிக்க முடியும். தேதியைப் பார்த்துப் பக்கத்தைத் திருப்பினாள்.

படித்து முடித்த பிறகும் குனிந்த தலை நிமிரவில்லை.

"என்னம்மா எழுதியிருக்கு?"

அவள் அந்த வரிகளின்மேல் விரலை ஓட்டிக்கொண்டிருந்தாள்.

"எனக்கு அவர் எழுத்து புரியாது. நீதான் படிச்சுச் சொல்லணும்."

அவள் படித்தாள். "காலையில் கம்பி கிழித்து வலது கையில் கட்டு. மூடி போடுவதும் அம்பு போடுவதும் இன்று மகரந்தத்தின் பொறுப்பு. மழை வலுக்கிறது. ஏழாம் குழாய் கை மாறும்போது திரும்பியதோ என்று எனக்கு ஒரு சந்தேகம். கேட்டேன். சரியாகத்தான் இருக்கிறது என்றது. அது சொன்னால் சரியாகத்தான் இருக்கும்."

பக்கத்து வீட்டில் யாரோ மேசை நாற்காலியை இழுத்துப்போடும் சத்தம் கேட்டது.

அந்தக் கட்டு இப்போது ஞாபகத்துக்கு வந்தது. வெள்ளைத் துணி, அதன்மேல் அவர் சுற்றியிருந்த பிளாஸ்டிக் உறை. அவர் கேட்டதும்கூட ஞாபகம் வந்தது. "மேல் இதுதானே?" என்று காற்றையும் மீறிக் கத்தினார். அவள் திரும்பிப் பார்க்காமலே, "அதுதான், அதுதான்" என்று கத்தினாள். சீக்கிரம் கரைக்குப் போனால் போதும் என்றிருந்தது. இவ்வளவும் உள்ளே எங்கேயோ இருந்திருக்கிறது. பத்து நாளும் ஒரு தடவைகூடத் தலைகாட்டவில்லை.

"அப்போ அவர் இல்லையா?" என்றார் அந்த அம்மாள்.

"இல்லைக்கா. நான்."

"இத்தனை நாளா அவர்னு நினைச்சுக்கிட்டு இருந்தியா?"

"ஆமா."

"நினைச்சதோட விட்டியா, வேற யார்கிட்டயும் சொன்னியா?"

"டைரக்டர்கிட்ட சொன்னேன்."

அந்த அம்மாள் மடியிலிருந்த பையை மெதுவாகக் கீழே வைத்தார். குரல் உயரவில்லை. "செத்தவரால வந்து இல்லைன்னு சொல்ல முடியாதுல்ல. முதல்ல போய் அதை மாத்திச் சொல்லு. அப்புறம் மத்ததப் பாரு."

குறிப்பேட்டைக் கையில் கொடுக்கவில்லை. அந்தப் பக்கத்தைப் போனில் படம் எடுத்துக்கொள்ளச் சொன்னார். அவள் எடுத்தபோது சுருண்ட பக்கம் எழும்பியதில் முதல் இரண்டு படமும் கலங்கிவிட்டன. மூன்றாவது முறை அந்த அம்மாளே பக்கத்தின் ஓரத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

பேருந்தில் போக மனமில்லாமல் வீடுவரை நடந்தாள். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. தப்பு செய்தது அவ்வளவு வலிக்கவில்லை. குளிரில், மழையில் யாருக்கும் நடக்கும். அதை அவளே எத்தனை தடவை சொல்லியிருந்தாள். 'அது சொன்னால் சரியாகத்தான் இருக்கும்' என்று எழுதியவரை, பத்து நாள் உட்கார்ந்து ஆற அமர மன்னித்ததைத்தான் தாங்க முடியவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை தங்கை போன் செய்தபோது, சொல்லிப் பார்க்கலாம் என்று தொடங்கினாள்.

"ஒரு குழாயத் தலைகீழா வெச்சுட்டேன்டி."

"அதனால என்ன, திருப்பி வெச்சிடு," என்றாள் தங்கை. "சரி, மாத்திரை போட்டியா?"

திங்கட்கிழமை இயக்குநரிடம் படத்தைக் காட்டினாள். அவர் இரண்டு தடவை படித்துவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தார்.

"இதெல்லாம் வெளிய சொல்லணும்னு இல்ல, மேடம். 'சேகரிப்பின்போது குழாய் தலைகீழாகக் குறிக்கப்பட்டுவிட்டது'ன்னு எழுதுங்க. போதும். யாரு எவருன்னு ஒருத்தரும் கேக்க மாட்டாங்க."

"கேக்காட்டி, கேப்டன்னுதான் நினைப்பாங்க. மூடி போடறது அவர்னு இந்தத் துறையில எல்லாருக்கும் தெரியும்."

"உங்க பேர்ல பதினெட்டு கட்டுரை இருக்கு. அத்தனையும் சந்தேகப்படுவாங்க."

"படட்டும் சார்."

திருத்தக் கடிதம் ஆறே வரி. 'குறிக்கப்பட்டுவிட்டது' என்று ஒரு தடவை எழுதி, அழித்து, 'நான் தவறாகக் குறித்தேன். உடன் பணியாற்றியவர் அப்போதே ஐயம் எழுப்பினார். நான் சரிபார்க்கவில்லை' என்று எழுதினாள். அந்த ஆறு வரிக்கு அவளுக்கு நான்கு நாள் பிடித்தது.

இயக்குநர் சொன்னது பலித்தது. வேறொரு நிலையத்திலிருந்து அவளுடைய எல்லா எண்ணிக்கைகளையும் கேட்டு எழுதினார்கள். இருபத்தாறு வருட ஸ்லைடுகளைப் பெட்டி பெட்டியாக அனுப்பினாள். நிலையத்தில் யாரும் முகத்துக்கு நேராக ஒன்றும் சொல்லவில்லை. அவள் சாப்பாட்டு அறைக்குள் வந்தால் பேச்சு ஒரு கணம் நிற்கும். பிறகு வேறு விஷயமாகத் தொடரும். சின்னவர்கள் மட்டும் தங்கள் குழாய்களில் அம்புக்குறியை மூன்று இடத்தில் போட ஆரம்பித்தார்கள். அவள் அந்தப் பக்கம் வந்தால் மட்டும் அதை உடம்பால் மறைத்துக்கொண்டார்கள். அவர்கள் மறைப்பதைப் பார்த்துத்தான் அவளுக்கு அழுகை வந்தது.

சரிபார்க்க அதே ஏரியில் மறுபடியும் குழாய் இறக்க முடிவானது. போகும் குழுவில் அவள் பெயர் இல்லை. முழங்கால் வலியைக் காரணம் காட்டி அவளே விலகிக்கொண்டதாகக் குறிப்பு எழுதியிருந்தார்கள்; அவளுக்கு முழங்காலில் ஒரு வலியும் கிடையாது. நான்கு மாதம் கழித்து முடிவு மின்னஞ்சலில் வந்தது. மழை முதலில் போனது, காடு பிறகு, தீ கடைசியில். அவள் திருத்தியது சரி. ஸ்லைடுகளும் திரும்பி வந்தன. எண்ணிக்கையில் குறையில்லை என்று ஒரு வரி. படித்துவிட்டு யாரிடம் சொல்வது என்று சுற்றிலும் பார்த்தாள். பிறகு அந்த மின்னஞ்சலை அச்செடுத்து, உறையில் போட்டு, கேப்டனின் மனைவிக்குத் தபாலில் அனுப்பினாள்.

பதில் வரவில்லை. ஒரு மத்தியானம் ஆளே வந்து நின்றார். வாசலிலிருந்த காவலாளி, "உங்களப் பாக்க ஒரு அம்மா வந்திருக்காங்க, 'சேறு பாக்கணும்'னு சொல்றாங்க" என்று சிரிப்பை அடக்கிக்கொண்டு போனில் சொன்னார்.

குளிர் அறைக்குள் அழைத்துப் போவதற்கு முன் தன்னுடைய கம்பளிக் கோட்டை அந்த அம்மாளுக்குப் போட்டுவிட்டாள். ஏழாம் குழாயை அலமாரியிலிருந்து இறக்கி மேசைமேல் வைத்து, மேல் உறையை விலக்கிக் காட்டினாள். பழுப்பும் கறுப்புமாக ஒரு மீட்டர் சேறு.

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான்க்கா."

"இதுக்காகவா வருஷத்துக்கு நாப்பது நாள் போனாரு?" அந்த அம்மாள் குனிந்து முகர்ந்து பார்த்து மூக்கைச் சுளித்தார். பிறகு குழாயைப் பார்த்தபடியே கேட்டார். "அங்க இருக்கறப்போ என்னைப் பத்தி எதாவது பேசுவாரா?"

ஆமாம் என்று சொல்வது எவ்வளவோ சுலபம். அவள் உண்மையிலேயே யோசித்துப் பார்த்தாள்.

"பேச மாட்டாருக்கா. வேலையைத் தவிர எதுவும் பேச மாட்டாரு. ஆனா ஏரிக்கிட்ட சிக்னல் கிடைக்காது. பக்கத்துல இருக்கற மலை மேல ஏறணும், நாப்பது நிமிஷம் ஆகும். தினமும் சாயங்காலம் உங்களுக்குப் போன் பண்ண ஏறிடுவாரு. ஒரு நாள்கூட விட்டதில்ல."

அந்த அம்மாள் திரும்பிப் பார்த்தார். "மலை ஏறியா?"

"ஆமா. ஏன்க்கா?"

"பேசறப்போ மூச்சு வாங்கும். புஸ்ஸு புஸ்ஸுன்னு. ஆஸ்துமான்னு நினைச்சு, வந்ததும் வராததுமா டாக்டர்கிட்ட இழுத்துட்டுப் போவேன். டாக்டர் ஒண்ணுமில்லைம்பாரு. அவரும் வாயத் தொறக்க மாட்டாரு." சிரிக்கத் தொடங்கினார், பாதியில் வாயைக் கோட்டுக் கையால் பொத்திக்கொண்டார். "சும்மா ஏரிக்கரையிலேர்ந்து பேசறேன்னுதானே சொல்லுவாரு அந்த மனுஷன்."

அவள் பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள். அந்தச் சாயங்காலங்களில் தான் என்ன செய்துகொண்டிருந்தாள் என்று நினைத்துப் பார்த்தாள். கரையில் உட்கார்ந்து காலிக் குழாய்களைக் கழுவிக்கொண்டிருப்பாள். மேலே ஒரு சின்ன டார்ச் வெளிச்சம் ஏறுவது தெரியும், பிறகு அசையாமல் நிற்பது தெரியும். மலை ஏறிப் போன் செய்ய அவளுக்கு ஆள் இருந்ததில்லை. அது அப்போது ஒரு குறையாகப் பட்டதில்லை. ஒருத்தர் கழுவித்தானே ஆக வேண்டும்.

பேருந்து நிறுத்தம்வரை கூடப் போனாள். அந்த அம்மாள் மன்னித்தேன் என்றோ, வீட்டுக்கு வா என்றோ சொல்லவில்லை. பேருந்து தூரத்தில் தெரிந்தபோது கோட்டைக் கழற்றி மடித்துக் கொடுத்துவிட்டு, "உன் நம்பரைக் குடு, வெச்சுக்கறேன்" என்றார்.

நிலையத்துக்குத் திரும்பி வந்து, ஏழாம் குழாயை உறையிட்டு அலமாரியில் ஏற்றினாள். தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நுண்ணோக்கியை எடுத்தாள். ஒரு வாரம் போனது, இரண்டாவது வாரமும் போனது. போன் வரவில்லை. வரும் என்று எதிர்பார்க்கிறோமா என்ன என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். ஆனாலும் போனைப் பைக்குள் போடாமல் மேசைமேலேயே வைக்க ஆரம்பித்திருந்தாள்.

மூன்றாவது வாரம் செவ்வாய்க்கிழமை, எண்ணிக்கை இருநூற்றுப் பன்னிரண்டில் இருந்தபோது அடித்தது.

"சும்மாதாம்மா பண்ணேன்," என்றது குரல். "வேலையா இருக்கியா?"

"இல்லைக்கா," என்றாள். "சொல்லுங்க."

அந்தப் பக்கம் சொல்ல ஒன்றும் இருந்த மாதிரி தெரியவில்லை. அங்கே குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. இருவரும் சற்று நேரம் அதையே கேட்டுக்கொண்டிருந்தார்கள்.